வெள்ளை மாருதியில் இரண்டு நீலக் கோடுகள்: வாசலில் வைத்துச் செய்த பெயின்ட் வேலை, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023 பொங்கல் விடுமுறையில் நாமக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நடந்த வேலை இது. வண்டி 2006 மாடல் மாருதி 800, வெள்ளை. வண்டிக்காரர் என் நண்பர். விசைத்தறிக் கூடம் ஒன்றில் கணக்கு எழுதுகிறார். வண்டியை அவருடைய அப்பா, தன்னோடு வேலை பார்த்தவரிடமிருந்து 2014-இல் வாங்கினார். நான் இரண்டு தெரு தள்ளி டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த வேலைக்குப் போன கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் என்னுடையவை. பைக் டேங்க், மட்கார்டு என்று நிறைய அடித்திருக்கிறேன். காருக்கு அடித்தது இதுவே முதல் தடவை. கீழே வரப்போகும் தவறுகளில் பெரியது என்னுடையது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நண்பர் கேட்டது பானெட், கூரை, டிக்கி கதவு மூன்றின் நடுவிலும் ஓடும் இரட்டைக் கோடு. வெள்ளை உடம்பு, நீலக் கோடு. 1951 லே மான்ஸ் பந்தயத்தில் அமெரிக்கரான பிரிக்ஸ் கன்னிங்ஹாமின் கார்கள் இப்படித்தான் ஓடின. 1965-இல் வந்த ஷெல்பி ஜி.டி. 350 மஸ்டாங் அதைத் தெருவுக்குக் கொண்டு வந்தது. நண்பர் இதையெல்லாம் செல்போனில் படமாகக் காட்டினார். அவருடைய அப்பா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாட்டுக் கொம்புக்குப் பெயின்ட் அடிக்கிற நாள்ல காருக்கும் அடிக்கறீங்களாக்கும்" என்றார். தேதியும் அப்படித்தான் அமைந்திருந்தது.

ஒதுக்கிய பணம் 3,000 ரூபாய்.

ஸ்டிக்கரா, பெயின்ட்டா, எந்தப் பெயின்ட்

முதலில் விலை விசாரித்தோம். கார் பெயின்ட் பட்டறையில் 8,500 கேட்டார்கள். ஸ்டிக்கர் கடையில் 3,800. ஸ்டிக்கர் வேண்டாம் என்று சொல்ல எங்களிடம் ஒரு காரணம் இருந்தது. வெயிலில் நான்கைந்து வருடம் கிடந்த ஸ்டிக்கர் உரிக்கும்போது துண்டு துண்டாக வரும், பசை தங்கும், அடியிலிருக்கும் பெயின்ட் பலவீனமாக இருந்தால் அதையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். இது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், நண்பருக்குத் தன் கையால் அடித்துப் பார்க்க ஆசை.

அடுத்து, என்ன பெயின்ட் என்ற கேள்வி. இன்றைக்குக் கார் பட்டறைகளில் பெரும்பாலும் ஹார்டனர், அதாவது பெயின்ட்டை இறுக வைக்கும் மருந்து, கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட்தான். நல்ல பளபளப்பு, நீண்ட நாள் உழைப்பு, பெட்ரோல் பட்டாலும் கரையாது. ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. கன்னில் அடிக்கும்போது அது காற்றில் பரவும். நுரையீரலுக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சிரைப்பு வரும். சாதாரண முகமூடி போதாது. வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று வரும் முகமூடி வேண்டும். நண்பரின் அப்பாவுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. வீட்டு வாசலில் அது வேண்டவே வேண்டாம் என்று விட்டோம். அந்த முடிவு சரியானது. இன்றும் மாற்ற மாட்டேன்.

மிஞ்சியது என்.சி. பெயின்ட், அதாவது நைட்ரோசெல்லுலோஸ். பழைய ஆட்கள் டூக்கோ என்பார்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் தொடுமளவு காய்ந்துவிடும், அதனால் தூசி ஒட்ட நேரம் குறைவு. தப்பினால் அன்றைக்கே தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாம். உழைப்பு பி.யு. அளவு இல்லை, பெட்ரோல் பட்டால் கெடும். கோட்டுக்கு இது போதும் என்று நினைத்தோம். அதன் தின்னர் மிகக் கடுமையானது என்பதும் எனக்குத் தெரியும். அடியில் இருக்கும் பெயின்ட் அதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

பதிவுச் சான்றைப் பற்றியும் பேசினோம். ஆர்.சி.-யில் வண்டியின் நிறம் எழுதப்பட்டிருக்கும். அதிலுள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்குள் வரும். முழு வண்டியையும் நீலமாக்கி வெள்ளைக் கோடு போடலாம் என்றுகூட நண்பருக்கு ஒரு யோசனை இருந்தது. வெள்ளை வெள்ளையாகவே இருக்கட்டும், கோடு மட்டும் போதும் என்று முடித்ததற்கு இது ஒரு காரணம்.

வண்டியைச் சோதித்தது

ஜனவரி 14, போகி. காலையில் வண்டியைக் கழுவி, ஷாம்பூ போட்டு, டேஷ்போர்டு பாலிஷ் தொட்ட துணி எதுவும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டோம். அந்தப் பாலிஷில் இருக்கும் சிலிகான் பெயின்ட்டுக்கு எமன். ஒரு சொட்டு இருந்தாலும் பெயின்ட் அந்த இடத்தில் நிற்காமல் விலகி, மீன் கண் போலக் குழி குழியாகிவிடும்.

பிறகு தின்னர் சோதனை. வெள்ளைத் துணியில் என்.சி. தின்னரை நனைத்து, பெயின்ட் மேல் அரை நிமிடம் வைத்துத் தேய்க்க வேண்டும். பெயின்ட் கரைந்து துணியில் ஒட்டினால் அது என்.சி. தோல் போலச் சுருங்கி எழுந்தால் சிந்தெடிக் எனாமல். ஒன்றுமே ஆகாமல் இருந்தால் கம்பெனியில் சூட்டில் பதித்த பெயின்ட், அல்லது நன்றாக இறுகிய பி.யு. கடைசி வகையின் மேல் பயமில்லாமல் என்.சி. அடிக்கலாம்.

நான் சோதித்த இடம் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் உள்விளிம்பு. அப்புறம் டிக்கி கதவின் அடிப்பக்கம். இரண்டிலும் ஒன்றும் ஆகவில்லை. "கம்பெனி பெயின்ட், தைரியமா அடிக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அங்கே சோதித்தேன்? கண்ணில் படும் இடத்தில் கறை விழக்கூடாது என்ற பழக்கம். பைக் டேங்கில் இருந்து வந்த பழக்கம் அது. டேங்க் ஒரே துண்டு. அடியில் சோதித்தால் மேலும் அதுதான். கார் அப்படியில்லை. ஒவ்வொரு தகடும் தனித்தனி; ஒன்று மாறியிருந்தாலும் மற்றவை மாறியிருக்காது. பானெட்டை நான் தொடவே இல்லை.

நூல் பிடித்தது

அன்று மதியம் அளவெடுத்தோம். மாருதி 800-இன் அகலம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. பெரிய வண்டிகளின் படத்தைப் பார்த்து அதே அகலத்தில் போட்டால் கோடு வண்டியை விழுங்கிவிடும். காகிதப் பட்டைகளை ஒட்டிப் பார்த்து, ஐந்து அங்குலக் கோடு இரண்டு, நடுவில் இரண்டு அங்குல இடைவெளி என்று முடிவானது. பம்பரில் வேண்டாம் என்று விட்டோம். பிளாஸ்டிக்கில் பெயின்ட் பிடிக்கத் தனி பிரைமர் வேண்டும்.

நடுக்கோட்டுக்கு முதலில் பானெட்டின் அகலத்தையே பாதியாகப் பிரித்தோம். கொத்தனார் நூல் ஒன்றை முன்னால் இருந்து கூரை வரை இழுத்துப் பிடித்தபோது எங்கள் இருவருக்கும் சரியாகத்தான் தெரிந்தது. வாசற்படி மேல் நின்று பார்த்த நண்பரின் அம்மாதான், "ஏங்கண்ணு, புள்ளி தப்பின கோலமாட்டம் ஒருபக்கமா இழுக்குதே" என்றார். போய்ப் பார்த்தால் உண்மைதான். தினமும் நாற்பது வருடம் வாசலில் கோலம் போட்டுப் படிமேல் நின்று பார்த்த கண் அது. எங்கள் அளவுநாடா அதற்கு ஈடாகவில்லை.

திரும்ப அளந்தோம். பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருக்கும் இடுக்கு இடது பக்கம் 4 மில்லிமீட்டர், வலது பக்கம் 7. பானெட்டே ஒருபக்கமாகச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தது. ஆகவே பானெட்டை விட்டுவிட்டு, முன் கண்ணாடியின் இரு ஓரங்களில் இருந்தும் கூரை ஓரங்களில் இருந்தும் நடுவைக் கண்டுபிடித்து, அந்த நேரிலேயே நூலைப் பானெட் மேல் இறக்கினோம். படியில் இருந்து பார்த்தால் இப்போது கோடு நேர்.

பிரச்சினையைத் தீர்த்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டோம். பானெட் ஏன் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று இருவருமே கேட்கவில்லை. கம்பெனியில் இருந்து வந்த பானெட் அப்படி உட்காராது. இதோடு இன்னும் இரண்டு அறிகுறிகள் இருந்தன என்பது பிறகு தெரிந்தது: பானெட் ஓரத்து ரப்பரில் வெள்ளைப் பெயின்ட் தூசி, கீல் போல்ட்டின் தலையில் ஸ்பானர் கடித்த தடம். மூன்றும் கண்ணெதிரே இருந்தன.

கூரையும் டிக்கியும்

ஜனவரி 15, பொங்கல். வாசலில் காலையில் பானை வைத்துப் பொங்கியதால் அடுப்புக் கங்கு முழுக்க அணையும் வரை தின்னர் டப்பாவையே திறக்கவில்லை. தின்னர் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைத் தேடிப் பிடிக்கும். சாம்பலில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, சமையலறை ஜன்னலைச் சாத்தி, கேஸை மூடிவிட்டு மூன்று மணிக்கு ஆரம்பித்தோம். கம்ப்ரசரை வீட்டின் பக்கச் சந்தில் வைத்து நீளக் குழாய் போட்டோம். அதன் மோட்டாரிலிருந்து தெறிக்கும் தீப்பொறியும் தூரமாக இருக்கட்டும் என்று.

கோட்டின் ஓரங்களுக்கு மட்டும் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் டேப். அதற்கு வெளியே சாதாரண மாஸ்கிங் டேப், அதற்கு வெளியே செய்தித்தாள். சாதாரண டேப் காகிதத்தால் ஆனது, அதன் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத சுருக்கங்கள் இருக்கும், பெயின்ட் அந்தச் சந்தில் நுழைந்துவிடும். பிளாஸ்டிக் டேப் ஓரம் கத்தி மாதிரி நிற்கும். 260 ரூபாய் ஒரு ரோலுக்குக் கொடுக்க நண்பருக்கு மனசில்லை. நான் விடவில்லை. இந்த வேலையில் நான் சரியாகச் செய்த ஒன்றிரண்டில் இதுவும் ஒன்று.

600 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டு, கோடு விழும் இடத்தை மட்டும் பளபளப்பு போகும் வரை தேய்த்தோம். பிறகு ஆக்ஸ்போர்டு நீலம், மெல்லியதாக மூன்று கோட்டிங், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிட இடைவெளி. கடைசிக் கோட்டிங் முடிந்து அரை மணியில் டேப்பை, வந்த திசையிலேயே மடக்கி மெதுவாக உரித்தோம். முழுக்கக் காய்ந்த பிறகு உரித்தால் ஓரம் பற்களாகப் பிய்யும். கூரையிலும் டிக்கியிலும் கோடு பிளேடில் வெட்டியது மாதிரி வந்தது.

அன்று இரவு இருவருக்கும் தலைவலி. மூக்கில் கட்டியது கைக்குட்டை. அது தூசியைத் தடுக்கும், தின்னரை அல்ல. மறுநாள் கடை திறந்திருந்த பக்கத்து ஊருக்குப் போய் கரி வடிகட்டி வைத்த அரைமுகமூடி ஒன்று 850 ரூபாய்க்கு வாங்கினோம். கையில் மிச்சமிருந்த பணம் அதோடு சரி. ஒன்றுதான் வாங்கினோம், அடிப்பவர் போட்டுக்கொள்ள, மற்றவர் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நிற்க.

ஜனவரி 16 காலை ஏழு மணிக்குக் கூரையில் லாக்கர், அதாவது நீலத்தின் மேல் வரும் நிறமில்லாத பூச்சு, அடித்தது இன்னொரு பாடம். தை மாதப் பனி. தகடு தொட்டால் சில்லென்று இருந்தது. லாக்கர் விழுந்த இரண்டு நிமிடத்தில் நீலக் கோட்டின் மேல் பால் ஊற்றியது போல வெண்படலம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு இன்னும் குளிரும், காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து லாக்கருக்குள் மாட்டிக்கொள்ளும். பதினொரு மணிக்கு, வெயில் ஏறிய பிறகு, மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரை மட்டும் புகை போல மேலே விட்டோம். லாக்கர் திரும்ப இளகி, ஈரம் வெளியேறி, வெண்மை போய்விட்டது.

மூன்றாம் நாள்: பானெட்

ஜனவரி 17, காணும் பொங்கல். பத்தரை மணிக்குப் பானெட். இரண்டு நாள் அனுபவம், நல்ல டேப், நல்ல வெயில். முதல் கோட்டிங் அருமையாக உட்கார்ந்தது. மெல்லியதாக அடித்ததால் தின்னர் உள்ளே போவதற்கு முன் ஆவியாகிவிட்டது என்பது இப்போது புரிகிறது. இரண்டாவது கோட்டிங்கை நிறம் நிறைய வேண்டும் என்று கொஞ்சம் ஈரமாக அடித்தேன்.

கன்னை எடுத்து நிமிர்வதற்குள், வலது கோட்டின் நடுவில் ஒரு ரூபாய் அளவு இடம் மெல்ல அசைந்தது. காய்ச்சிய பாலை ஊதினால் ஆடை மடிந்து மடிந்து ஒதுங்குமே, அப்படி. அங்கிருந்து சுருக்கம் கை ரேகை போலக் கிளைவிட்டு இரண்டு பக்கமும் ஓடியது. நாங்கள் பார்த்துக்கொண்டே நிற்க, மூன்று நிமிடத்தில் இரண்டு கோடுகளும் முழுக்கச் சுருங்கிவிட்டன. டேப் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தோம். அதோடு வெள்ளைப் பெயின்ட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பிய்ந்து வந்தது. அடியில் காவி நிறம். ரெட் ஆக்சைடு, துருப்பிடிக்காமல் இருக்க இரும்பில் அடிக்கும் பிரைமர்.

அந்தக் காவியைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாருதி கம்பெனி பானெட்டில் பெயின்ட்டுக்கு அடியில் ரெட் ஆக்சைடு இருக்காது. இது வெளியில் அடித்த பானெட்.

நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. செய்தித்தாளை ஒவ்வொன்றாக உரித்து மடித்து வைத்தார். அது எனக்குத் திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

காரணம் தெரிந்தது

அன்று மாலை அப்பா, பழைய வண்டிக்காரருக்குப் போன் போட்டார். அவர் யோசித்துச் சொன்னார்: 2011 வாக்கில் டிராக்டர் டிரெய்லரின் பின்னால் இடித்து முன்பக்கம் மடங்கியது, பழைய பானெட் ஒன்றை வாங்கிப் போட்டு, தெரிந்த லாரி பாடி கட்டும் இடத்தில் வெள்ளை அடித்துக் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் லாரி பாடி தொழில் பெரிது. எனாமல் எப்போதும் கைவசம் இருக்கும். வெள்ளை வெள்ளைதானே என்று அடித்திருக்கிறார்கள். அவர்கள் செய்ததில் தப்பில்லை. பன்னிரண்டு வருடம் அந்தப் பெயின்ட் நன்றாகத்தான் இருந்திருக்கிறது, நான் அதன் மேல் தின்னரை ஊற்றும் வரை.

மறுநாள் வண்டியை, லாரிகளுக்குப் பெயின்ட் அடித்து ஓய்ந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். பானெட்டின் நல்ல பகுதியில் கட்டைவிரல் நகத்தை ஊன்றி அழுத்தினார். நகத்தடம் லேசாகப் பதிந்தது. கதவில் அதே மாதிரி அழுத்தினார்; பதியவில்லை. "இது நம்ம லாரி பெயின்ட்டுங்க தம்பி. இதுமேல டூக்கோ நிக்காது. டூக்கோ மேல இது நிக்கும்" என்றார். எனக்குத் தெரிந்த விதிதான். தெரிந்தும் பார்க்காமல் விட்டது.

எனாமல் காற்றின் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு இறுகும் வகை. வருடக்கணக்கில் ஆனாலும் கடுமையான தின்னர் பட்டால் ஊறி உப்பும். உப்பிய தோலுக்கு விரிய இடமில்லாமல் மடியும். எனாமலைக் கலக்கும் டர்பன்டைன் மிதமானது. அதனால் வரிசை தலைகீழானால் சிக்கல் இல்லை.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

நான்கு வழிகள் பேசினோம். பானெட் முழுவதையும் தகடு வரை சுரண்டி முதலில் இருந்து அடிப்பது சரியான வைத்தியம். ஆனால் முழு வெள்ளையும் திரும்ப அடிக்க வேண்டும், பணமும் நாளும் இல்லை. கோடு வரும் இடத்தை மட்டும் சுரண்டினால், சுரண்டிய ஓரத்தில் எனாமல் விளிம்பு திறந்து நிற்கும், என்.சி. பட்டால் அங்கே மறுபடி சுருங்கும். நடுவில் தடுப்பாக எபாக்ஸி பிரைமர் அடிக்கலாம் என்றேன். அந்த விளிம்பை அது முழுக்க மூடுமா என்று எனக்கே உறுதியில்லாததால் நானே விட்டேன். நான்காவது, பானெட்டுக்கு எனாமல்தான் பழக்கம் என்றால் கோட்டையும் எனாமலிலேயே போடுவது.

நான்காவதை எடுத்தோம். அதன் குறை அப்போதே தெரியும். கூரையில் என்.சி. லாக்கர், பானெட்டில் எனாமல். டப்பாவில் ஒரே பெயர் நீலம் என்றாலும் இரண்டும் ஒரே நீலமாக இருக்காது, வெளுப்பதும் ஒரே வேகத்தில் இருக்காது. பானெட் சாய்வு, கூரை தட்டை. வெளிச்சம் வேறு வேறாக விழுவதால் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று கணக்குப் போட்டோம்.

பதினோரு நாள் விட்டோம். சுருங்கியது உள்ளே முழுக்க இறுகாமல் தேய்த்தால் உருண்டை உருண்டையாகப் பேப்பரில் ஒட்டும். ஜனவரி 28, சனிக்கிழமை, 320-இல் ஆரம்பித்து 600 வரை தேய்த்துச் சமமாக்கினோம். பிய்ந்த இடத்தில் வெள்ளை எனாமல் தொட்டு வைத்தோம். பிறகு நீல எனாமல், டர்பன்டைன் கலந்து கன்னில், மாலை ஒரு கோட்டிங், மறுநாள் மாலை ஒன்று. மணிக்கணக்கில் ஈரமாகவே இருக்கும் பெயின்ட் என்பதால் இரண்டு கொசுக்கள் அதில் சமாதியாகின. ஈரமாக இருக்கும்போது கை வைக்காமல், காய்ந்த பிறகு ஊசியால் எடுத்தோம்.

டேப் உரித்தபோது ஓரம் கூரை அளவுக்கு வரவில்லை. எனாமல் மெதுவாகக் காய்வதால் டேப்புக்கு அடியில் ஊர்ந்துவிட்டது. முன்பு பிய்ந்த இடங்களில் விளிம்பு மேடு பள்ளம். மூன்றடி தள்ளி நின்றால் தெரியாது, கிட்டே போனால் தெரியும்.

கோட்டுக்காரர்

பெரியவரிடம் மறுபடி போனோம். அவர் சிரித்துக்கொண்டே, லாரியில் கட்டங்களைச் சுற்றி மெல்லிய கோடு ஓடுவது அழகுக்கு மட்டும் இல்லை, இரண்டு நிறம் சேரும் இடத்தின் அசிங்கத்தை மூடவும்தான் என்றார். பிப்ரவரி 5, ஞாயிறு, வீட்டுக்கே வந்தார். கையில் நீள முடி வைத்த ஒரு கோட்டு பிரஷ், சின்ன கிண்ணம், பழைய துணி.

மஞ்சள் அடிக்கலாம் என்பது அவர் கட்சி. நண்பர் வெளிர் சாம்பல் கேட்டார். "லாரியா இருந்தா மஞ்சள்தானுங்க எடுக்கும், இது சின்ன வண்டி, சரி" என்று ஒத்துக்கொண்டார்.

அவர் செய்ததை விவரமாகச் சொல்ல வேண்டும். முடியை எனாமலில் முழுக்கத் தோய்த்து, செய்தித்தாளில் முன்னும் பின்னும் இழுத்துக் கத்தி மாதிரித் தட்டையாக்கினார். பிரஷைப் பிடித்த கையின் சுண்டுவிரலை நீலக் கோட்டுக்கு வெளியே வெள்ளையில் ஊன்றினார். அந்த விரல் சறுக்கிக்கொண்டே வர, முடி முழுவதும் தகட்டில் படுத்துக்கொண்டு பின்னால் இழுபட்டது. பார்வை பிரஷில் இல்லை. ஒரு சாண் முன்னால், கோடு போகப்போகும் இடத்தில் இருந்தது. ஒரு இழுப்புக்கு ஒரு மூச்சு. டேப் இல்லை, நூல் இல்லை. நான்கு ஓரங்கள், மூன்று தகடுகள், இரண்டரை மணி நேரம். பானெட்டின் ஊர்ந்த விளிம்பு முழுவதும் 4 மில்லிமீட்டர் சாம்பல் கோட்டுக்கு அடியில் போய்விட்டது. கூரைக்கு அது தேவையே இல்லை. ஆனால் பானெட்டில் மட்டும் இருந்தால் ஒட்டுப்போட்டது தெரியும் என்று அதற்கும் போட்டார்.

கூலி 800 வாங்கினார். அதிகம் கொடுத்தும் வாங்கவில்லை.

கணக்கு

முதல் கட்டத்தில் பெயின்ட், தின்னர், லாக்கர், வாட்டர் பேப்பர், டேப், தேய்த்துப் பளபளப்பாக்கும் காம்பவுண்டு எல்லாம் சேர்த்து 2,250 ரூபாய். பானெட் சறுக்காமல் இருந்திருந்தால் முகமூடி, ரிட்டார்டர் சேர்த்து 3,230-இல் முடிந்திருக்கும். எனாமல், டர்பன்டைன், கூடுதல் பேப்பர், டேப், பெரியவர் கூலி எல்லாம் சேர்ந்து மொத்தம் 4,600. ஸ்டிக்கர் கடை கேட்டதைவிட 800 அதிகம். கம்ப்ரசரும் கன்னும் இரவல் என்பதால் அவை கணக்கில் இல்லை. அவற்றை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இது சிக்கன வேலையே அல்ல.

பதினான்கு மாதம் கழித்து

2024 மார்ச்சில் வண்டியைத் திரும்பப் பார்த்தேன். கூரையும் டிக்கியும் நன்றாக இருக்கின்றன. வேப்பமரத்தடியில் நிறுத்தியதில் காக்கை எச்சம் இரண்டு நாள் கிடந்து லாக்கரில் ஒரு தடம் விட்டிருக்கிறது. காம்பவுண்டு போட்டும் முழுக்கப் போகவில்லை. பானெட் நீலம் மங்கிவிட்டது. இஞ்சின் சூடும் வெயிலும் சேர்ந்து எனாமலின் பளபளப்பைத் தின்றுவிட்டன; விரலால் தேய்த்தால் லேசாக நீலப்பொடி ஒட்டுகிறது. காலை வெயிலில் கூரைக்கும் பானெட்டுக்கும் வித்தியாசம் தெரிகிறது. முன்பக்கம் கல் தெறித்து ஒரு இடத்தில் காவி எட்டிப் பார்க்கிறது. பெரியவர் போட்ட சாம்பல் கோடு மட்டும் போட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது.

நண்பருக்கு வருத்தமில்லை. பானெட்டை அடுத்த வருடம் தகடு வரை சுரண்டி ஒழுங்காக அடிக்கப் பணம் சேர்க்கிறார்.

மறுபடி செய்தால்

தின்னர் சோதனையை மூன்று தகடுகளிலும் செய்வேன், அதுவும் கோடு விழப்போகும் இடத்திலேயே. கறை விழுந்தால் என்ன? அதன் மேல்தான் ஐந்து அங்குல நீலம் வரப்போகிறது. கதவு விளிம்பைத் தேடி ஓடியதற்கு எந்த அவசியமும் இருந்ததில்லை. பழைய வண்டிக்காரருக்குப் போடும் போனை ஜனவரி 17-க்குப் பதில் 13-ஆம் தேதி போடுவேன். அளவு தப்பினால் அதைச் சரிசெய்வதோடு நிற்காமல், தகடு ஏன் தப்பி உட்கார்ந்திருக்கிறது என்று கீழே குனிந்து போல்ட்டைப் பார்ப்பேன். முகமூடியை முதல் நாளே வாங்குவேன், இரண்டாக. தை மாதத்தில் பத்து மணிக்கு முன் கன்னைத் தொட மாட்டேன்.

எனாமல் என்று முன்பே தெரிந்திருந்தால் மூன்று தகடுகளுக்கும் எனாமலே அடித்திருப்போம். எல்லாம் ஒன்றுபோல மங்கியிருக்கும், வித்தியாசம் தெரிந்திருக்காது. டேப் வேலையையும் குறைத்துக்கொண்டு பெரியவரை முதல் நாளே கூப்பிட்டிருப்போம்.

மீந்த நீல எனாமல் கால் டப்பா இருந்தது. 2024 மாட்டுப் பொங்கலன்று நண்பரின் அப்பா அதன் மேல் கட்டியிருந்த ஆடையைக் குச்சியால் விலக்கிவிட்டு, காளையின் இரண்டு கொம்பிலும் பூசினார். நுனிக்கு மட்டும் வெள்ளை.